கடலுக்குப் போய்க் களப்பில் இறங்கியது

செப்டம்பர் 26, வெள்ளி – உவர்மலை

யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுச் சோறு செமிக்கவே மூன்று நாள் போனது. அத்தானுக்குக் கனடா திரும்ப இன்னும் ஒரு கிழமை மிச்சம். "மச்சான், எங்கயாவது கடல் பாக்கப் போவம். உப்புக் கடல்" என்றார். இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிற மனிதர். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒன்ராறியோ வாவி. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், கடற்பறவை கத்தும், எல்லாம் உண்டு. வாயில் பட்டால் மட்டும் பச்சைத் தண்ணி. "ஏமாத்துற கடல்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கடற்கரைகளான கசூரினாவும் சாட்டியும் வேண்டாமாம், கலியாணத்துக்கு வந்த பாதிச் சனம் அங்கேதான் நிற்கும். ஆகவே திருகோணமலை. உவர்மலையில் அவருடைய சின்னம்மா வீடு இருக்கிறது. எனக்கு முறைக்கு மாமி. பஸ் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை, பின்னேரம் நாலு மணிக்கு வேர்வையோடு இறங்கினோம்.

கச்சான் காற்று இன்னும் விடவில்லை. மே மாதம் தொடங்கினால் மேற்கிலிருந்து வருகிற காற்று இது. ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வெறும் சூட்டைத்தான் கொண்டு வரும். அடுப்படி வாசலில் நிற்கிற மாதிரி முகத்தில் அடிக்கும். ஆனால் இதே கச்சான்தான் இங்கே கடலை அமத்தி வைத்திருப்பதும். நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிக்கிறதால் கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். ஒக்டோபரில் காற்று தடுமாறும், பின்னேரங்களில் இடி மழை வரும், அதற்குப் பிறகு வாடைக்காற்று பிடித்துவிட்டால் கடலில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். நாங்கள் வந்தது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கடைசி நாட்களில்.

மாமி வாசலிலேயே சட்டம் சொன்னார். "நவராத்திரி. வீட்டில கும்பம் வச்சிருக்கு. பத்து நாளும் உள்ளுக்க மச்சம் வராது. வெளியில சாப்பிட்டா தோய்ஞ்சிட்டுத்தான் படி ஏறோணும்." மீன், இறைச்சி இல்லை என்றதும் அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டும். கடல் மீன் சாப்பிடுவதற்காக நானூறு கிலோமீற்றர் சுற்றவும் தயாராக வந்தவர் அவர். இரவுக்கு இடியப்பமும் பூசணிக்காய்ச் சொதியும். சொதி நல்லாத்தான் இருந்தது, அத்தான்தான் கனக்கக் கதைக்கவில்லை.

பொழுதுபட டச் பே கடற்கரைக்கு நடந்தோம். நூறு ரூபாய்க்குக் கச்சான் சுருள் வாங்கி, கச்சான் காற்றில் நின்று கச்சான் சாப்பிட்டோம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் நிலக்கடலையும் கச்சான்தான். ஏன் என்று என்னிடம் கேட்கவேண்டாம்.) புள்ளிமான்கள் மணலில் மாடு மாதிரிப் படுத்திருந்தன. இந்த ஊரில் மான் காட்டு விலங்கே இல்லை. மரக்கறிக் கடைக்காரர் தடி எடுத்துத் துரத்துகிற தெருவாசி. ஒன்று எழும்பி வந்து அத்தானின் கையிலிருந்த சுருளைக் கடதாசியோடு எடுத்துக்கொண்டு போனது. அவர் அதற்குத் தாங்ஸ் சொன்னார். கனடாப் பழக்கம்.

இரவு படுத்த பிறகும் உடுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நவராத்திரிக்குத் தெருவுக்குத் தெரு கும்பத்து மால் போட்டு, கும்பத்தைத் தலையில் வைத்து ஆடிவருவது திருகோணமலைக்கென்றே உள்ள வழக்கம். யாழ்ப்பாணத்தில் இதே நாட்களில் நாங்கள் சுண்டலும் கொலுவும் என்று அடக்கமாக இருப்போம்.

செப்டம்பர் 27, சனி – நிலாவெளி

நிலாவெளியைப் பற்றி எழுத வேண்டியதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். மணல் வெள்ளை, தண்ணீர் நீலம், படத்தில் இருக்கிறபடியே இருக்கிறது. நான் விலையைச் சொல்கிறேன். கடற்கரையோரச் சாப்பாட்டுக் கடையில் பொரித்த பாரைமீனும் சோறும் 2,400 ரூபாய். பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் கேட்டபோது பரிமாறிய பெடியன் சிரித்துவிட்டு, "அண்ணை, ரோட்டுக்கு அங்கால போங்கோ, 700க்கு இதே மீன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். முதலாளி வேறு ஆள் போல. போனோம். இதே மீன்தான், குழம்பு இன்னும் நல்லது. அந்தப் பெடியனுக்குத் திரும்பி வந்து ஒரு செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தோம்.

அசம்பாவிதம் மூன்று மணிக்கு. தட்டையாகக் கிடந்த கடலில் அத்தான் இடுப்பளவில் நின்று, கண்ணாடியோடு அடிவானத்தைப் பார்த்து, எனக்கு வசாகா பீச் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஜோர்ஜியன் குடாவில், 14 கிலோமீற்றர் நீளமாம், உலகத்திலேயே நீளமான நன்னீர்க் கடற்கரையாம். கடலே இல்லாத இடத்தில் அது எப்படிக் கடற்கரை ஆகும் என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் நாங்கள் பீச் எண்டு சொல்லுறது" என்று திரும்பினார். பின்னால் வந்த அலையை அவர் பார்க்கவில்லை. பெரிய அலையும் இல்லை. விழுந்தார், எழும்பினார், முகத்தில் கண்ணாடி இல்லை.

மைனஸ் நாலு. ஒருமணி நேரம் தேடினோம். ஜேர்மன்காரத் தம்பதி ஒன்று, முகமூடியும் குழாயும் போட்டுக்கொண்டு எங்களுக்காக அடிமணலைத் தடவித் தடவிப் போனது. மூன்று சின்னப் பெடியள் "கண்டா எவ்வளவு தருவீங்கள்?" என்று கேட்டு, ஆயிரம் என்றதும் மூழ்கினார்கள். ஒரு செருப்பும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கிடைத்தன. தங்கள் கூலியாக ஐஸ்கிறீம் கேட்டார்கள், நியாயம்தான்.

புறாத்தீவுக்குப் போகும் படகுக்காரர் வந்து, நாளைக்குக் கடல் நல்லா இருக்கும், பவளப்பாறை பார்க்கலாம், சுறாக்குட்டி பார்க்கலாம் என்றார். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், நான் போகத்தான் ஆசைப்பட்டேன். "தம்பி, எனக்கு இப்ப புறாவும் தெரியாது, தீவும் தெரியாது" என்றார் அத்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு – சாம்பல்தீவு

ஞாயிறு, கண்ணாடிக் கடை பூட்டு. அத்தான் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தேடியபோது மாமியின் கையைப் பிடித்துவிட்டார். மாமி ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். மாமா துறைமுகத்தில் வேலை செய்தவர், செத்துப் பதினொரு வருடம். அவருடைய மணிக்கூடு, பேனை, கண்ணாடி எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னில் இருந்தன. மண்ணிறச் சட்டம், போத்தல் அடி மாதிரிக் கண்ணாடி. அத்தான் போட்டுப் பார்த்தார். "இடதுக் கண் சரி. வலதுக் கண்ணில உலகம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. சமாளிக்கலாம்."

எண்பதாம் ஆண்டுக் கல்யாணப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருந்தார். அந்தக் கோலத்தில், அலை இல்லாத இடமாகப் பார்த்துப் போவோம் என்று முடிவானது. ஆட்டோக்காரத் தம்பி யோசித்துவிட்டு, "அப்ப களப்புப் பக்கம் போவம். ஆனா அங்க பாக்க ஒண்டும் இல்லை அண்ணை" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகிற வீதியில் சாம்பல்தீவுப் பாலத்தில் நின்று பார்த்தால்தான் இந்தக் கரையின் அமைப்பே விளங்குகிறது. வலது பக்கம் கடல், இடது பக்கம் களப்பு என்கிற உப்புத்தண்ணி ஏரி, நடுவில் ஒரு நீட்டு மணல் மேடு. வீதி, வீடு, தென்னை, கோயில் எல்லாம் அந்த மேட்டில்தான். நேற்று நிலாவெளியில் கடலைப் பார்த்து நின்றபோது முதுகுக்குப் பின்னால் இதேமாதிரி இன்னொரு தண்ணீர் கிடந்திருக்கிறது. திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

முகத்துவாரத்தை மணல் முக்கால்வாசி மூடியிருந்தது. மழை இல்லாத மாதங்களில் உள்ளேயிருந்து தள்ளுவதற்கு ஆற்று வெள்ளம் இல்லை. கடல் மட்டும் ஒவ்வோர் அலையாக மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும். உள்ளே தண்ணீர் வெயிலில் வற்றி வற்றி உப்பேறும். மாரி மழையில் களப்பு நிரம்பி, அந்த மணலை உடைத்துக்கொண்டு ஒரே இரவில் கடலுக்குப் போய்விடும். நாங்கள் பார்த்தது உடைவதற்குக் கொஞ்ச நாள் முந்திய மெலிந்த களப்பு. முழங்கால் ஆழம், அடியில் சேறும் மட்டிச் சிப்பியும், கரையில் கண்டல் மரங்கள், வேர்களுக்கிடையில் கண் மட்டும் வெளியே தெரிய நிற்கிற நண்டுக் குஞ்சுகள்.

அத்தான் இறங்கினார். தண்ணீர் அந்த நேரத்திலேயே குளிக்க வைத்த சுடுதண்ணிப் பதம். "மச்சான், எங்கட சாண்ட்பாங்ஸ் இதேதான்!" என்று கத்தினார். ரொறொன்ரோவிலிருந்து இரண்டரை மணித்தியாலக் கார் ஓட்டமாம். ஒன்ராறியோ வாவியின் குடா வாய்களைக் காற்றும் அலையும் மணலால் அடைத்து, பின்னால் சின்ன வாவிகளைப் பிரித்துவிட்டிருக்கின்றன. ஒருபக்கம் பெரிய வாவி, மற்றப்பக்கம் மேற்கு வாவி, நடுவில் மணல்மலை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அக்கா அவர்களைப் பெரிய பக்கம் விடவே மாட்டாளாம். செப்டம்பரின் முதல் திங்கள் லேபர் டே முடிந்தால் சனம் போய்விடும். தண்ணீர் மட்டும் கோடை முழுக்கக் குடித்த சூட்டை விடாமல் வைத்திருக்கும். சில நாள் காற்று கரையிலிருந்து வெளியே அடித்து மேல் தண்ணியைத் தள்ளிவிட, அடியிலிருந்து ஐஸ் மாதிரித் தண்ணீர் கிளம்பி வரும், முதல் நாள் குளித்த அதே இடத்தில் அடுத்த நாள் கால் விறைக்கும். இப்போது அங்கே மேப்பிள் இலை பழுக்கத் தொடங்கியிருக்கும் என்றார்.

ஏமாற்றுகிற கடல் என்று திட்டியவர் அரைமணி நேரம் அதன் புகழ் பாடினார். நான் சுட்டிக்காட்டவில்லை.

வீச்சு வலையோடு நின்ற ஐயா ஒருவர் அவருடைய கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "தம்பி, உங்களை எங்கயோ கண்ட மாதிரி." இல்லை, கனடா என்றார் அத்தான். "கண்ணாடியைக் கண்டிருப்பன் போல" என்று சொல்லிவிட்டு வலையை வீசினார். ஊர் அவ்வளவு சின்னது.

செப்டம்பர் 29, திங்கள் – இறக்கக்கண்டி

காலையில் நகரத்தில் கண்ணாடிக் கடை. லென்ஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும், ஏழு நாள், முழுக்காசும் முன்பணம். நாங்கள் புதன்கிழமை போகிறோம் என்று சொன்னதும், "அப்ப ஆறு நாள்" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

நிலாவெளிக்கும் அப்பால் இறக்கக்கண்டிப் பாலம். இங்கேயும் ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கடல் பக்கத்தில் கரைவலை இழுத்து முடிந்திருந்தது. சூடையும் கீரியும் கொஞ்சம், நெத்தலி கொஞ்சம், ஏமாற்றமான பாடு என்று முகங்களில் தெரிந்தது. ஓலை வாடிகள் சிலவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குக் கரையில் கச்சான் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளம், வலை, சட்டி பானையோடு கிழக்குக்கு வருவார்கள். இங்கே வாடை தொடங்குமுன் திரும்பிவிடுவார்கள். காற்றுக்குப் பின்னாலேயே வீடு மாறுகிற சீவியம். ஒருவர் கிடுகை அடுக்கிக்கொண்டே, சிங்களமும் தமிழும் கலந்து, அடுத்த வருடம் வந்தால் மீன் தருகிறேன் என்றார். வாங்கவே கேட்காத எங்களுக்கு.

பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை. பிளேன்டீ 50 ரூபாய், கூடவே சீனிக்குப் பதில் ஒரு துண்டுப் பனங்கட்டி. கடைக்கார அம்மாவிடம் அத்தான் வாய் தவறி, "கடலும் களப்பும் ரெண்டும் வீட்டு வாசல்ல, குடுத்து வச்சனீங்கள்" என்றார். அவர் அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னார்: "சுனாமிக்கு முன்னாலயும் தண்ணி, பின்னாலயும் தண்ணி. எந்தப் பக்கம் ஓடுறதெண்டு தெரியேல்லை." 2004 டிசம்பர் 26. யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்னொரு பனங்கட்டித் துண்டு வைத்தார்.

அன்றைக்கு அத்தான் குளிக்கவில்லை. பாலத்துக் கம்பியில் கையூன்றிக் கனநேரம் நின்றார். களப்புக்குள் நீர்க்காகம் ஒன்று முங்கி, எங்கள் கணக்குக்கு மாறான இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

இரவு அக்கா வீடியோவில் வந்தாள். "உது ஆற்ற கண்ணாடி?" என்பதுதான் முதல் கேள்வி. "இப்ப இதுதான் பாஷன்" என்றார் அத்தான். அவளுக்கு அங்கே காலை, அவசரம், நம்பிவிட்ட மாதிரி விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய் – தம்பலகாமம், கிண்ணியா

இந்த நாளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாமி அர்ச்சனைக்குக் காசு தந்திருந்தார். ஆட்டோ அரைநாளுக்கு 6,000 பேசி, காலையிலேயே தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போனோம். போர்த்துக்கேயர் கோணேசர் மலைக் கோயிலை இடித்த பிறகு எழும்பிய கோயில். சுற்றிவர வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல். ஐயர் நட்சத்திரம் கேட்டார், அத்தான் தன்னுடையதை மறந்துபோய் அக்காவின் நட்சத்திரத்தைச் சொன்னார்.

வயல் முடிகிற இடத்தில் தம்பலகாமக் குடா. வெளியே இருந்து பார்த்தால் வாவி மாதிரித்தான், சுற்றிக் கரை தெரியும், அலை கிடையாது. ஒரு காலத்தில் இதன் சேற்றுக்குள் தட்டையான, வெளிச்சம் ஊடுருவுகிற சிப்பி ஏராளமாக விளைந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதன் முத்துக் குளிப்பைக் குத்தகைக்கு விட்டார்கள். நகைக்கு உதவாத சின்ன முத்து. இந்தியாவுக்குப் போய், சுட்டுச் சுண்ணாம்பாகி, பணக்காரர்களின் வெற்றிலைக்குள் போனதாம். முத்தை வெற்றிலையோடு மென்று துப்பிய மனிதர்களை நினைத்துக்கொண்டு கரையில் தேடினேன். ஒரு சிப்பி ஓடு கிடைத்தது, வெயிலுக்குப் பிடித்தால் எண்ணெய்க் கடதாசி மாதிரி வெளிச்சம் வந்தது. அத்தான் அதை வாங்கி வலதுக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "இதால கொஞ்சம் நேராத் தெரியுது" என்றார்.

உள் வீதியால் கிண்ணியா. குடாவின் வாயில்தான் கிண்ணியாப் பாலம் நிற்கிறது, 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தது. பாலத்தில் காற்று இருந்ததால் ஆட்டோவை விட்டு நடந்தோம். ஒருபக்கம் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது, மற்றப்பக்கம் நாங்கள் வந்த குடா. தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம்.

பாலத்திலிருந்து திரும்பி உப்பாற்றுப் பக்கம் போகும்போது வீதியோரம் ஒருவர் வாளியோடு நின்றார். வாளிக்குள் இறால், இன்னும் துள்ளிக்கொண்டு. அத்தான் ஆட்டோ நிற்குமுன்பே இறங்கிவிட்டார். கிலோ 1,800. பேரம் இல்லை. களப்பு இறாலுக்கு ஒரு இனிப்பு உண்டு. கடலில் முட்டையிட்டு, குஞ்சாகக் களப்புக்குள் வந்து, கண்டல் வேருக்குள் தின்று வளர்ந்து, பெரிதானதும் மழையோடு கடலுக்குத் திரும்புகிற இனம் அது. அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன்னால் மறிக்கிறவர்கள் இவர்கள்.

காசைக் கொடுத்து, பையைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "அத்தான், கும்பம்."

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆட்டோக்காரத் தம்பியைப் பார்த்தார். தம்பியும் விரதம். இறால்காரருக்கு விசயம் விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப எங்கட ஊட்ட வாங்க. ஆக்கித் தருவாங்க." நாங்கள் இல்லை, வேண்டாம், உங்களுக்குக் கரைச்சல் என்று இழுத்தோம். "கரைச்சல் என்ன கரைச்சல்? வாளியோட நானும் ஊட்டுக்குத்தானே போறன்" என்று சைக்கிளில் ஏறி முன்னால் போனார். ஆட்டோ அவருக்குப் பின்னால்.

வீடு களப்புக் கரையில். முற்றத்து மணலைக் கூட்டி வரிவரியாகக் கோடு போட்டிருந்தார்கள். இறால்கார நானா உள்ளே குரல் கொடுத்தார், திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு தேங்காய் துருவுகிற சத்தம். நாங்கள் கரையில் காலை நனைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் கொஞ்சம் உள்ளே நடந்து, முழங்காலுக்கு மேல் போகப் பார்த்தார். நானாவின் மகன், பத்து வயது இருக்கும், அமைதியாகச் சொன்னான்: "அங்கால போகாதீங்க மாமா. முதல வாற." அத்தான் தண்ணீரை விட்டு வெளியே வந்த வேகத்தில் மாமாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பையன் மணலில் உட்கார்ந்து சிரித்தான்.

நானா பழைய கதை சொன்னார். மூதூர் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பாதை. பாதை என்றால் இங்கே றோட்டு இல்லை, பஸ்ஸையும் ஆளையும் ஒன்றாக ஏற்றிக் கடத்துகிற மிதவை. பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் கலியாணம் பேசி முடித்த குடும்பங்கள் உண்டாம். பிறகு குரல் மாறி, 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததைச் சொன்னார். காலை நேரம், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். "இந்தா, இவன்ட வயசு" என்று மகனைக் காட்டினார். பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு மணலில் கோடு கீறினான்.

சாப்பாடு பாயில் வந்தது. கை கழுவத் தண்ணியும் சட்டியும் இருந்த இடத்துக்கே வந்தன. சிவப்பரிசிச் சோறு, இறாலும் முருங்கைக்காயும் தேங்காய்ப்பாலில், மாசிச் சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல். ஆட்டோக்காரத் தம்பிக்கு வேறு தட்டு: பருப்பும் வாழைக்காயும், அதுவும் புதுச் சட்டியில் ஆக்கியதென்று நானா எடுத்துச் சொன்னார். விரதகாரன் என்று வாசலில் அவன் சொன்ன ஒரு சொல் உள்ளே வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன். அத்தான் கதைக்கவே இல்லை. கண்ணாடி ஆவியில் மங்கியும் துடைக்கவில்லை.

காசு என்று வாய் திறந்தபோது நானா கையை மடக்கிவிட்டார். "இறால் ஒங்கட. சோறு மட்டும் எங்கட." அத்தான் பையனிடம் ஆயிரம் ரூபாய் கொடுக்கப் பார்த்தார். பையன் வாப்பாவைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கடைசியில் அந்தச் சிப்பி ஓட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். அவனுக்கு அது புதிதாகவே இருக்காது, எங்களுக்காக வாங்கியிருப்பான்.

திரும்பும் வழியில் அம்மாவுக்கென்று எருமைத் தயிர் வாங்கினோம், மண்சட்டி, 600 ரூபாய், மேலே கடதாசி கட்டிச் சணலால் இறுக்கியது. கவிழ்த்தாலும் ஊத்தாது என்றார் கடைக்காரர்.

கிணற்றடியில் இரண்டு பேரும் தலைக்குத் தோய்ந்துவிட்டு ஈரத்தோடு படியேறினோம். மாமி வாசலில். "கிண்ணியாவில என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறு, மாமி."

"வெறும் சோறோ?"

"முருங்கைக்காயும்" என்றார் அத்தான். பொய் இல்லை. மாமி தலை துடைக்கத் துவாய் தந்தார். மூக்கைச் சுருக்கிய மாதிரித்தான் எனக்குப் பட்டது.

ஒக்டோபர் 1, புதன் – வவுனியா வரை

விடிய நாலு மணிக்கு இடி. பிறகு மழை, ஓட்டில் கல் எறிகிற மாதிரி. கச்சான் ஒரே இரவில் இறங்கிவிட்டது, மண் மணத்தது, மாமியின் முற்றத்தில் தவளை ஒன்று தொண்டையைச் சரிபார்த்தது. சரஸ்வதி பூசைக்கு நிற்காமல் போகிறீர்களே என்று மாமிக்கு மனவருத்தம். அத்தானின் விமானம் மூன்றாம் தேதி, வழியில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிஸ்கற் ரின்னுக்குள் வைக்கப் போனார் அத்தான். மாமி மூடியைச் சாத்தினார். "கண் தெரியாமல் பிளேன் ஏறப் போறியோ? போட்டுக்கொண்டு போ. அங்க போய்ப் புதுசு வாங்கினாப் பிறகு பாப்பம்."

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம், அவருடைய மடியில் தயிர்ச் சட்டி. ஹொரவப்பொத்தானை தாண்டி ஒரு பள்ளம். கவிழாமலே ஊத்தியது. பக்கத்து சீற்றில் இருந்த சிங்களப் பெண்மணி ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையும் பழைய பத்திரிகையும் எடுத்துத் தந்தார். பிறகு அத்தானின் காற்சட்டையைப் பார்த்து, இன்னொரு பத்திரிகையும் தந்தார்.

வவுனியாவில் இறங்கிப் பார்த்தபோது சட்டியில் பாதி இருந்தது. திருகோணமலையில் இப்போதெல்லாம் சின்னச் சட்டிதான் என்று அம்மாவிடம் சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.